சிரிக்கிற ஷாட்

ஜெனரேட்டர் வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கியபோது டைரக்டர் செண்பகராமனுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று உடனே குரலை உயர்த்தி, "என்னய்யா இது, சாப்பிட்டு வந்து ஒரு ஷாட்டுகூட எடுக்கலை" என்று பொதுவாக ஒரு சத்தம் போட்டார். சீரியலுக்கென்றே வாடகைக்கு விடுகிற வளசரவாக்கத்து பங்களா அது. விளக்குகள் அணைந்ததும் ஹால் திடீரென்று ஒரு வீட்டின் ஹாலாகிவிட்டது. ஜன்னல் வழியாக நிஜ வெயில் வந்து, நடுவில் போட்டிருந்த பெஞ்சின் மேல், பெஞ்சில் விரித்த புதுப் பாயின் மேல் விழுந்தது. தலைமாட்டில் குத்துவிளக்கு, காலடியில் நெல் நிரப்பிய படி, ஓரமாக ஒரு கூடை சாமந்தி. ஐஸ் பெட்டி வைக்கலாம் என்று ஆர்ட் டிபார்ட்மென்ட்டில் கேட்டார்கள். கண்ணாடியில் லைட் அடிக்கும், வேண்டாம் என்று அவர்தான் சொன்னார். லைட் அடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அஞ்சுகத்தம்மாவை அந்தப் பெட்டிக்குள் படுக்கவைக்க அவருக்கு மனசு வரவில்லை என்பதும் உண்மை. இரண்டில் எதை வெளியே சொல்லலாமோ அதைச் சொன்னார். முப்பது வருஷ சினிமாவில் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான் போல. அசோசியேட் லூயிஸ் வந்து காதருகே குனிந்தான். "மெக்கானிக் வர்றாரு சார், அரை மணி நேரம் ஆகுமாம். அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" "சொல்றேன்." "இல்ல சார், நான் வேணா மெதுவா..." "நான் சொல்றேன்னு சொன்னேன்ல லூயிஸ்." லூயிஸ் தலையை ஆட்டிவிட்டுப் போனான். அவனுக்கும் நிம்மதிதான், நடையிலேயே தெரிந்தது.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அம்மா, இன்னிக்கு உங்க கேரக்டர் இறந்துபோறாங்க. அவ்வளவுதான். ஆறு வருஷமாக ஓடுகிற சீரியலில் விசாலம் என்கிற மாமியாராக நடிக்கிற அஞ்சுகத்தம்மா காலையில் காய்ச்சல் சீனில் படுத்து எழுந்து, மோர் சாதம் சாப்பிட்டு, இப்போது மேக்கப் அறையில் பாயைப் போட்டுப் படுத்திருக்கிறது. மத்தியான சீனைப் பற்றி லூயிஸ் அந்தம்மாவிடம் சொன்னது இதுதான்: "நீங்க படுத்திருப்பீங்கம்மா, மத்தவங்க பேசுவாங்க, உங்களுக்கு டயலாக் இல்லை." ஒரு பொய்கூடக் கிடையாது. டயலாக் இல்லை என்றால் சந்தோஷம்தான் அந்தம்மாவுக்கு. ஒரு வருஷமாக வசனம் மனசில் நிற்கவே மாட்டேனென்கிறது. முன்னெல்லாம் நாடகக் கம்பெனியில் ஒரு ராத்திரி முழுக்கப் பேசுகிற வசனத்தை ஒரு தடவை காதில் வாங்கிக்கொண்டு பேசின வாய். சீரியலில் எல்லோருக்குமே கேமரா பக்கத்தில் நின்று ஒருத்தர் வசனம் எடுத்துக்கொடுப்பதுதான் வழக்கம். ஆர்ட்டிஸ்ட் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்வார்கள், பிறகு டப்பிங்கில் சரிபண்ணிக்கொள்ளலாம். அந்தம்மாவுக்கு எடுத்துக்கொடுப்பது லூயிஸ். போன ஆடி மாசம் ஒரு நாள், மருமகள் வீட்டை விட்டுப் போகிற சீன், லூயிஸ் நடுவில் "அம்மா, லெஃப்ட்ல பாருங்க" என்றான். அந்தம்மா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் தளும்பத் தளும்ப, "அம்மா... லெஃப்ட்ல பாருங்க" என்றது. யூனிட்டே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தம்மாவும் என்ன ஏது என்று தெரியாமல் கூடச் சிரித்தது. செண்பகராமனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மானிட்டரில் அந்த முகத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். லெஃப்ட்ல பாருங்க என்கிற இரண்டு வார்த்தையை அப்படிச் சொல்ல இந்த ஊரில் வேறு யாராலும் முடியாது. போகாதே என்பது அதில் இருந்தது. டப்பிங்கில் வேறொரு பெண் "போகாதம்மா" என்று பேசிச் சேர்த்தாள். போகாதே என்பது அதில் இல்லை. இன்னொரு நாள் லூயிஸுக்குத் தும்மல் வந்தது, அந்தம்மாவும் தும்மியது, அதுவும் துக்கமாக. சேனலில் இருந்து பேசுகிற பையன் மரியாதையாகத்தான் சொன்னான். "சார், அம்மா ட்ராக்கை முடிச்சிடலாமே. ஒரு எமோஷனல் வீக் கிடைக்கும். அவங்களால ஒரு நாளைக்கு எட்டு சீன் எடுக்கிற இடத்துல அஞ்சுதான் வருது." அஞ்சுதான் வருது என்பதும் உண்மை. உண்மையை வைத்துக்கொண்டு அடிக்கிறவனை என்ன செய்வது. மூன்று மாசம் தள்ளிப் போட்டார். காசிக்கு அனுப்பிவைத்தார், ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார், மகள் வீட்டுக்கு அனுப்பினார். ஒரு மாமியாரை எத்தனை ஊருக்குத்தான் அனுப்ப முடியும்.

வியர்வை முதுகில் இறங்கியது. வேப்பமரத்து நிழலில் லைட்மேன்கள் படுத்துவிட்டார்கள். ஒருத்தன் செல்போனில் பாட்டுப் போட, இன்னொருத்தன் "டேய், சாவு வீடுடா, சவுண்டைக் குறை" என்றான், சிரிப்பு எழுந்தது. செண்பகராமனும் உதட்டோரம் சிரித்தார். சிரித்ததும் அந்த ஷாட் ஞாபகம் வந்துவிட்டது. வரும் என்று தெரியும். காலையிலிருந்தே அது கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தது. சாவு சீன் எடுத்தால், எடுத்து முடித்ததும், பிணமாக நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அப்புறம்தான் திருஷ்டிக்குப் பூசணிக்காய். சாமி இல்லை என்கிறவன்கூட அந்த ஷாட்டை எடுக்காமல் பேக்கப் சொல்ல மாட்டான். அவருடைய முதல் படத்தில் நாயகனின் அம்மாவாகச் செத்தது இதே அஞ்சுகத்தம்மாதான். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஓட்டு வீடு, ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்கிறது. கேமராமேன் ரகசியமாக வந்து, "துண்டு ரோல்தான்யா இருக்கு. அதைச் சிரிப்புக்கு ஓட்டினா கிளைமாக்ஸ் குளோசப்புக்கு நாக்கைத்தான் வழிக்கணும்" என்றார். அப்போதெல்லாம் அது எல்லோரும் செய்வதுதான், சிரிக்கிற ஷாட்டுக்குக் காலிக் கேமராவை ஓட்டுவார்கள். சாமியை ஏமாற்றுகிறோமா, ஆர்ட்டிஸ்டை ஏமாற்றுகிறோமா என்றெல்லாம் யாரும் கேட்டுக்கொண்டதில்லை. செண்பகராமன் "ரோலிங்" என்றார். கேமரா ஓடியது. மூக்கில் பஞ்சோடு எழுந்து உட்கார்ந்த அந்தம்மா காதைச் சாய்த்துக் கேட்டது. "தம்பி, உள்ள பிலிம் இருக்கா? சத்தம் லேசா இருக்கே. வயிறு காலியா ஓடுற மாதிரி இருக்கு." அவருக்கு முகம் வெளிறிவிட்டது. கேமராமேன் தலையைக் குனிந்துகொண்டார். அந்தம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது, புரிந்துகொண்டது, பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சிரித்தது. திருட்டுத்தனம் பண்ணிவிட்டு நிற்கிற இரண்டு பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. மழை வெளிச்சம் கன்னத்தில் ஒரு பக்கமாக விழுந்திருந்தது. லைட் எதுவும் போடவில்லை, போட்டிருந்தால் கெட்டுப்போயிருக்கும். அவர் இதுவரை எடுத்த ஷாட்டிலேயே நல்ல ஷாட் அதுதான். அது எந்தப் பிலிமிலும் கிடையாது. இரண்டாவது படம் பாதியில் நின்றபோதும், சும்மா இருந்த வருஷங்களிலும், சீரியலுக்கு வந்து கதவு திறப்பதையே மூன்று கோணத்தில் எடுத்து நாளைக் கழிக்கும்போதும், கண்ணை மூடினால் அந்தச் சிரிப்பு வரும். வருகிறது என்றால் எங்கேயோ பதிவாகித்தானே இருக்க வேண்டும் என்று சமாதானம் சொல்லிக்கொள்வார். அவர் தலை போனால் அதுவும் போய்விடும் என்பதையும் சேர்த்துத்தான்.

தலை இப்போதே கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறதோ. நேற்று லூயிஸை லூயிஸ் என்று கூப்பிட ஒரு நொடி ஆனது. நாக்கு நுனியில் வேறு பெயர்கள் வந்து நின்றன, பழைய அசிஸ்டென்ட்கள், செத்துப்போனவர்கள். அந்தம்மாவைத் தூக்கச் சொன்ன அந்த சேனல் பையன் இன்னொரு நாள் இன்னொருத்தரிடம், டைரக்டர் கொஞ்சம் ஸ்லோ ஆயிட்டாரு என்பான், அதுவும் மரியாதையாகத்தான் இருக்கும். ஆர்ட்டிஸ்ட் போனால் சுவரில் மாலை போட்ட போட்டோவாவது தொங்கும். டைரக்டர் போனால் டைட்டிலில் பெயர் மாறும், அதையும் யாரும் பார்ப்பதில்லை, அந்நேரம்தான் எல்லோரும் குக்கரை இறக்கப் போவார்கள். படம் வந்தபோது அவருடைய அம்மா கோவில்பட்டியில் மேட்னி பார்த்துவிட்டு வந்து கேட்டாள். "ஏய்யா, அந்தப் பொம்பள நெசமாவே செத்துப்போச்சா?" "இல்லம்மா. எந்திரிச்சுச் சிரிச்சாங்க." "அதையும் காட்டியிருக்கலாம்ல? நிம்மதியா வீட்டுக்கு வந்திருப்பேன். இப்பம் பாரு, ஒலை வைக்கக்கூட மனசில்ல." விமர்சனம் என்று அவருக்கு வந்ததில் அது ஒன்றுதான் இன்னும் குத்துகிறது. அவருடைய அம்மா செத்துப்போனது ஒரு சித்திரை மாசம், அவர் ஒரு சீரியல் கல்யாணத்தை மூன்றாவது வாரமாக நடத்திக்கொண்டிருந்தார். தாலி கட்டுகிற இடத்தில் நிறுத்திவிட்டுப் போக முடியவில்லை. கோவில்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து படுத்திருந்தாள். வாசலில் நின்றுகொண்டு, ஜன்னல் வெளிச்சம் இடது பக்கமிருந்து வருகிறது, நன்றாக வருகிறது என்று நினைத்தார். நினைத்தது யார் என்று திடுக்கிட்டார். பிறகு தூக்குகிற வரைக்கும், வெட்கக்கேடு, யாரிடமும் சொன்னதில்லை, அவள் எழுந்து சிரிப்பாள் என்று காத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் எழுந்து சிரித்துத்தானே பார்த்திருக்கிறார். பஞ்சைப் பிடுங்கிக்கொண்டு, காபி எங்கேய்யா என்று கேட்டுத்தானே பார்த்திருக்கிறார். பூசணிக்காய் உடைக்கவில்லையே, பேக்கப் சொல்லவில்லையே. அப்புறம் எப்படித் தூக்குகிறார்கள்.

செத்துப்போகிறீர்கள் என்று சொல்வதா கஷ்டம்? அந்தம்மா எத்தனை தடவை செத்திருக்கிறது. தீயில், கிணற்றில், பாம்பு கடித்து, ஒரு படத்தில் வில்லன் தள்ளிவிட்டு மாடிப்படியில். அதற்குப் பயம் கிடையாது. பயமெல்லாம் அவருக்குத்தான், அதற்குப் பின்னால் வருகிற இன்னொரு கேள்விக்கு. தினமும் பேக்கப் ஆனதும் அந்தம்மா கேட்கிற கேள்வி. நாளைக்கு வண்டி எத்தனை மணிக்குத் தம்பி? ஆர்ட்டிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு வருகிற கம்பெனி வண்டி காலையில் சாலிகிராமத்தில் அந்தம்மாவின் பிளாட் வாசலில் நிற்கும்போது, அது குளித்து, பூ வைத்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். ஷூட்டிங் இல்லாத ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது என்று வாட்ச்மேன் டிரைவரிடம் சொன்னானாம். மகன் கனடாவில். மற்றதெல்லாம் கரைந்துகொண்டு போகிறது, வசனம், தேதி, கேஸ் அடுப்பை அணைத்தோமா என்பது. வண்டி வரும் என்பது மட்டும் நிற்கிறது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறது, குளிக்கிறது, பூ வைக்கிறது. அதைத்தான் இன்றைக்கு அவர் எடுக்கப்போகிறார். அம்மா, நாளைக்கு வண்டி வராது. இந்த வாக்கியத்துக்கு யாரும் பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுக்க முடியாது.

எழுந்தார். முழங்கால் சொடுக்கியது. மேக்கப் அறையில் இருட்டு, பவுடர் வாசனை. அந்தம்மா படுத்திருக்கவில்லை, கண்ணாடி முன்னால் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தது. "வாங்க தம்பி. லைட்டு வந்திருச்சா?" "இல்லம்மா. வரும்." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியில் இரண்டு முகமும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. தன் முகம்தான் கிழடாகத் தெரிந்தது அவருக்கு. "அம்மா, ஒரு விஷயம்" என்றார். அந்தம்மா விசிறுவதை நிறுத்தவில்லை.

"போன வாரம் ஸ்டில்ஸ் எடுக்கிற சந்தானம் வந்தான் பாருங்க, என்னைத் தனியா நிக்கவச்சு ஒரு போட்டோ எடுத்தான்" என்றது. "கன்டினியூட்டிக்குன்னு சொன்னான். சுவத்தோரம் நிக்கவச்சு, தோளுக்கு மேல, லேசா சிரிங்கன்னா, அது என்ன கன்டினியூட்டிங்கிறேன்? நல்லா எடுப்பா, மாலை போட்டா கழுத்து மறையும், கொஞ்சம் கீழ விட்டு எடுன்னேன். பய முழிக்கிறான்." செண்பகராமன் பேச வேண்டிய ஒரே வாக்கியத்தையும் அந்தம்மாவே பேசிவிட்டது. "காலையில ஹாலுல பெஞ்சைப் போடுறப்பவே கேக்கலாம்னு இருந்தேன். நீங்க சாப்பிடாம சுத்திக்கிட்டு இருந்தீங்க, சரி, தம்பி வந்து சொல்லட்டும்னு விட்டுட்டேன். எதுல போறேன்? காய்ச்சலா?" "காய்ச்சல்தான்மா." "நல்லவேளை. போன தடவை மாடிப்படி. இடுப்பு ஆறு மாசம் வலிச்சுது." "அம்மா, நான் எவ்வளவோ..." "அட, விடுங்க தம்பி. மாமியா செத்தாத்தான் மருமக கதை ஓடும்." அவர் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டது. சருகு மாதிரி, சூடாக இருந்தது அந்தக் கை. நிஜமாகவே காய்ச்சலா என்று ஒரு பயம் வந்து போனது. இப்போது கேட்கும், வண்டியைப் பற்றி இப்போது கேட்கும் என்று உடம்பை இறுக்கிக்கொண்டு காத்திருந்தார். அந்தம்மா கேட்கவில்லை. "மூக்குப் பஞ்சை மட்டும் லேசா வைக்கச் சொல்லுங்க, தும்மல் வருது" என்றது. வெளியே ஜெனரேட்டர் உறுமிப் பிடித்துக்கொண்டது. கண்ணாடியைச் சுற்றி இருந்த பல்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிய, இரண்டு பேரும் கண்ணைச் சுருக்கினார்கள்.

எடுத்தார்கள். மருமகள் மார்பில் அடித்துக்கொண்டாள், மகன் தூணில் சாய்ந்தான், டிராலி மெதுவாகப் போனது. அந்தம்மா மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது, நாடக மேடையில் ஈ மொய்த்தாலும் அசையாமல் படுத்திருந்த உடம்பு. மானிட்டரில் அந்த முகத்தின் குளோசப் வந்தபோது செண்பகராமன் கண்ணை எடுத்து வசனப் பேப்பரைப் பார்த்தார், அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை போலத் தோன்றியது. "ஓகே" என்றார். யாரோ "சிரிக்கிற ஷாட், சிரிக்கிற ஷாட்" என்று குரல் கொடுத்தார்கள். வேலையில்லாமல் வெளியே படுத்திருந்தவர்களெல்லாம்கூட எழுந்து வந்து நின்றார்கள். கேமரா முன்னால் வந்தது. லூயிஸ் வழக்கமான இடத்தில் போய் நின்று, வழக்கமான குரலில், "அம்மா, கண்ணைத் திறங்க" என்றான்.

அந்தம்மா கண்ணைத் திறக்கவில்லை. மூடின கண்ணோடு, நெஞ்சு உருகுகிற குரலில், "அம்மா... கண்ணைத் திறங்க" என்றது.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஆறு வருஷமாக மருமகளாக நடிக்கிற பெண் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். செண்பகராமனுக்குக் கோவில்பட்டியின் ஜன்னல் வெளிச்சம் வந்தது, இடது பக்கமிருந்து. அன்றைக்கு வாசலில் நின்று அவர் சொல்லியிருக்க வேண்டிய வசனம் அதுதானே. சொல்லத் தெரியாமல் லைட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாரே. லூயிஸின் தோளைத் தொட்டு நகர்த்திவிட்டு, லென்ஸுக்குப் பக்கத்தில் முழங்காலை மடித்து உட்கார்ந்தார். "சிரிங்கம்மா" என்றார். திருப்பிச் சொல்லும் என்று நினைத்தார். சொன்னாலும் சரிதான் என்று இருந்தது. அந்தம்மா கண்ணைத் திறந்து லென்ஸைப் பார்க்காமல் அவரைப் பார்த்தது. மெதுவாக, எங்கிருந்தோ எடுத்துக்கொண்டு வருகிற மாதிரி, தலையைச் சாய்த்துக் காது கொடுத்தது.

"தம்பி, உள்ள பிலிம் இருக்கா? சத்தமே இல்லையே."

"இருக்கும்மா" என்றார். "இந்தத் தடவை இருக்கு."

பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அந்தம்மா சிரித்தது. பல் ஒன்றிரண்டு போயிருந்தது. மழை இல்லை, லைட் அதிகம், கன்னம் உள்ளே விழுந்திருந்தது. அதே சிரிப்புதான். செண்பகராமன் மானிட்டரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கட் சொல்ல வேண்டியவர் அவர், கையைக்கூடத் தூக்கவில்லை. கடைசியில் லூயிஸ்தான் சொன்னான், அதுவும் மெதுவாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

பூசணிக்காய் உடைந்தது. கைதட்டினார்கள், யாரோ சால்வை போர்த்தினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மாலைகளை அள்ளிக்கொண்டிருந்த பையன்களுக்கு நடுவில் அந்தம்மா புடவையை உதறிச் சரிசெய்துகொண்டு, கைப்பையைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, செத்துப்போன அதே பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தது. அவர் பக்கத்தில் போனார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. போட்டோ, மாலை, காய்ச்சல், எல்லாம் போய்விட்டிருந்தது. நல்லபடியாக ஒரு நாள் வேலை முடிந்த களைப்பு மட்டும் இருந்தது அதில்.

"நாளைக்கு வண்டி எத்தனை மணிக்குத் தம்பி?"

லூயிஸ் நின்றுவிட்டான். லைட்மேன் ஒருத்தன் ஸ்டாண்டைத் தூக்கினது தூக்கினபடி நின்றான். செண்பகராமன் குனிந்து, அந்தம்மாவின் தலைமுடியில் ஒட்டியிருந்த ஒரு சாமந்தி இதழை எடுத்தார்.

"ஏழு மணிக்கும்மா" என்றார். "கம்பெனி வண்டி இல்லை. நானே வர்றேன், என் வண்டியில. கீழ வெயில்ல உக்கார வேணாம், வந்து ஹாரன் அடிக்கிறேன்."

"சீன் பேப்பர்?"

"உங்களுக்கு டயலாக் இல்லைம்மா. என் பக்கத்துல உக்காந்திருக்கணும், அவ்வளவுதான்."

அந்தம்மா யோசித்தது. "அப்ப பூ வச்சுக்கலாமா?" என்று கேட்டது.